கடைசி விலை என்ன?

பழைய பொருள் ஒன்று வீட்டில் கிடக்கிறது. அது இடத்தை அடைக்கிறது. விற்றால் நாலு காசு கிடைக்கும். யாரிடம் விற்பது? என்ன விலை சொல்வது?

குர்லாவில் நம்மில் பலருக்கு ஒரே அறைதான் வீடு. புதுப் பொருள் ஒன்று உள்ளே வந்தால், பழைய பொருள் ஒன்று வெளியே போக வேண்டும். ஆகவே இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். இந்தப் பாடத்தில் அதைப் பற்றிப் படிப்போம்.

பேரம் நமக்குப் புதிது அல்ல

ஊரில் மாட்டுச் சந்தையைப் பார்த்திருப்பீர்கள். தரகர் கையின் மேல் துண்டைப் போட்டு மூடுவார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. ஆனால் பேசும் இருவரும் எதிரெதிரே நிற்பார்கள். மாடும் பக்கத்தில் நிற்கும்.

மும்பையிலும் பேரம் உண்டு. பழைய துணியை வாங்கிக்கொண்டு பாத்திரம் கொடுக்கும் பெண்கள் தெருவில் வருவார்கள். "இரண்டு சேலை போதாது. ஒரு பேண்ட்டும் கொடு" என்பார்கள். "இந்தப் பாத்திரம் சிறியது. பெரியதைக் கொடு" என்று நாம் கேட்போம். குர்லா மேற்கில் சி.எஸ்.டி. ரோட்டில் பழைய வண்டிச் சாமான்கள் விற்கிறார்கள். அங்கேயும் பேரம்தான். சோர் பஜாரில் கேட்கவே வேண்டாம்.

புதுப் பொருளின் அட்டையில் எம்.ஆர்.பி. என்று விலை அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் கடைக்காரர் வாங்கக் கூடாது. பழைய பொருளுக்கு அப்படி அச்சிட்ட விலை கிடையாது. ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு மிக்சிகள் ஒரே விலைக்குப் போகாது. ஒன்று நன்றாக ஓடும். இன்னொன்று சத்தம் போடும். பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். பேசித்தான் முடிக்க வேண்டும்.

ஆகவே பேரம் பேசுவது தவறு அல்ல. நம்மிடம் ஒருவர் பேரம் பேசினால் அது நமக்கு அவமானமும் அல்ல.

செல்போனுக்குள் ஒரு சந்தை

இப்போது பழைய பொருளைச் செல்போன் வழியாகவும் விற்கிறார்கள். ஓஎல்எக்ஸ் என்பது அப்படி ஒரு சந்தை. அது 2006ஆம் ஆண்டு தொடங்கியது. குவிக்கர் 2008ஆம் ஆண்டு வந்தது. பேஸ்புக் நிறுவனம் 2016ஆம் ஆண்டு 'மார்க்கெட்பிளேஸ்' என்ற சந்தையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது இந்தியாவுக்கும் வந்தது. மும்பையில்தான் அதை முதலில் சோதித்துப் பார்த்தார்கள்.

விற்கும் முறை எளிது. பொருளைப் படம் எடுக்க வேண்டும். விலையையும் ஊரையும் எழுத வேண்டும். அவ்வளவுதான். தாணேயில் இருப்பவரும் பார்ப்பார். பன்வேலில் இருப்பவரும் பார்ப்பார். நடுவில் தரகர் இல்லை.

நல்ல வசதிதான். ஆனால் இதில் தொல்லையும் உண்டு. ஆபத்தும் உண்டு. ஓர் அக்காவின் கதையைப் படியுங்கள்.

அக்காவின் தையல் மிஷின்

அக்கா குர்லாவில் இருக்கிறார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் 8,000 ரூபாய்க்கு ஒரு தையல் மிஷின் வாங்கினார். மோட்டார் வைத்த மிஷின். வீட்டிலேயே ரவிக்கை தைத்தார். பிறகு ஒரு தையல் பட்டறையில் வேலை கிடைத்தது. வீட்டு மிஷின் சும்மா கிடந்தது.

அக்காவின் மகள் பத்தாம் வகுப்பு தேறினாள். கல்லூரியில் சேர்க்க வேண்டும். கட்டணத்தில் 3,000 ரூபாய் குறைந்தது. கட்டுவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. "மிஷினை விற்று விடலாம்" என்று அக்கா முடிவு செய்தார். மகள் படம் எடுத்தாள். 4,500 ரூபாய் என்று விலை போட்டாள்.

ஒரு மணி நேரத்தில் செய்திகள் வரத் தொடங்கின.

"லாஸ்ட் கித்னா?" என்று ஒருவர் கேட்டார். கடைசி விலை என்ன என்று அர்த்தம். மிஷின் ஓடுகிறதா என்று அவர் கேட்கவில்லை.

"1,500 தருகிறேன்" என்றார் இன்னொருவர்.

"என்னிடம் பழைய கிரைண்டர் இருக்கிறது. மாற்றிக் கொள்ளலாமா?" என்றார் மூன்றாம் ஆள்.

"புதிதே 5,000க்குக் கிடைக்கிறது. உங்கள் பழைய மிஷினுக்கு 4,500ஆ?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

இன்னொருவர் 4,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். "ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன்" என்றார். அக்கா அன்று ஓவர்டைம் வேலைக்குப் போகவில்லை. மாலை வரை காத்திருந்தார். ஆள் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

ஐந்து நாள் இப்படியே போனது. அக்கா சலித்துப் போனார்.

"என் பொருளை விற்கத்தானே நிற்கிறேன்? பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறதே" என்று மகளிடம் சொன்னார்.

ஏன் இப்படிக் கேட்கிறார்கள்?

சந்தையில் அடிமாட்டு விலைக்குக் கேட்க ஒருவர் கூச்சப்படுவார். விற்பவரின் முகம் எதிரே தெரியும். பக்கத்தில் நாலு பேர் பார்ப்பார்கள். அவர் ரயில் ஏறி, நடந்து, அந்த இடத்துக்கு வந்திருக்கிறார். வெறுங்கையோடு திரும்ப அவருக்கும் மனம் வராது.

செல்போனில் முகம் தெரியாது. வந்துபோகும் செலவும் இல்லை. ஒரே ஆள், ஒரே இரவில், இருபது பேருக்கு "லாஸ்ட் கித்னா?" என்று அனுப்பலாம். இருபதில் ஒருவர் அவசரத்தில் இருப்பார். அவர் விலையைக் குறைத்து விடுவார். கேட்டவருக்கு அது லாபம்.

ஆகவே அந்தக் கேள்வி உங்கள் பொருளைப் பற்றியது அல்ல. உங்களைப் பற்றியதும் அல்ல. கோபப்பட வேண்டாம். பதிலுக்குப் பதில் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரே பதில் போதும். "வந்து பாருங்கள். பார்த்த பிறகு விலை பேசலாம்." உண்மையாக வாங்க நினைப்பவர் வருவார். மற்றவர் போய்விடுவார்.

பேரமே பேசாத ஆள்

ஆறாம் நாள் இரவு அக்காவுக்கு ஒரு போன் வந்தது.

"உங்கள் மிஷின் எனக்குப் பிடித்திருக்கிறது. 4,500 ரூபாய்க்கே எடுத்துக்கொள்கிறேன்" என்றார் ஓர் ஆள். இந்தியில் மரியாதையாகப் பேசினார்.

அக்காவுக்கு நம்பவே முடியவில்லை. "நேரில் வந்து பாருங்கள், பையா" என்றார்.

"நான் ராணுவத்தில் வேலை செய்கிறேன். முகாமை விட்டு வர முடியாது. இப்போதே பணம் அனுப்புகிறேன். நாளை டெம்போ வந்து எடுத்துக்கொள்ளும்" என்றார் அவர். ராணுவ அடையாள அட்டையின் படம் ஒன்றையும் அனுப்பினார்.

முதலில் 2 ரூபாய் அனுப்பினார். அது அக்காவின் கணக்கில் வந்தது. அக்காவுக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு ஒரு கியூ.ஆர். கோடு அனுப்பினார். கடைகளில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம்தான் கியூ.ஆர். கோடு. "இதை ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் பின் நம்பரைப் போடுங்கள். 4,500 ரூபாய் உங்கள் கணக்கில் வந்து விழும்" என்றார். "சீக்கிரம், சீக்கிரம்" என்று அவசரப்படுத்தினார்.

மகள் தன் போனில் இருந்த கட்டத்தைக் காட்டினாள். அக்கா தன் போனால் ஸ்கேன் செய்தார். திரையில் 4,500 என்று வந்தது. அதன் கீழே ஒரு பொத்தான் இருந்தது. அக்காவின் போனில் தமிழ் எழுத்து வரும்படி வைத்திருந்தார்கள். அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தார்.

செ... லு... த்... து. செலுத்து.

"செலுத்து என்றால் கொடு என்றுதானே அர்த்தம்? பணம் எனக்கு வர வேண்டும். நான் ஏன் செலுத்த வேண்டும்?" என்று மகளைக் கேட்டார்.

மகள் உடனே போனை வாங்கித் துண்டித்தாள். 4,500 ரூபாய் தப்பியது. அக்காவின் கணக்கில் அப்போது 6,200 ரூபாய் இருந்தது. அது கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்து வைத்த பணம்.

இந்த மோசடி எப்படி நடக்கிறது?

செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் முறைக்கு யுபிஐ என்று பெயர். இது 2016ஆம் ஆண்டு வந்தது. இதை நடத்துவது நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன். அதன் தலைமை அலுவலகம் நமக்குப் பக்கத்திலேயே, பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்சில் இருக்கிறது.

யுபிஐயில் ஒரு விதி உண்டு. பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும். பணம் பெறுவதற்குப் பின் நம்பர் வேண்டாம். ஸ்கேன் செய்யவும் வேண்டாம். ஒருவர் உங்களுக்குப் பணம் அனுப்பினால், நீங்கள் தூங்கினாலும் அது வந்து சேரும்.

ஏமாற்றுபவர் இதைத் தலைகீழாகச் சொல்கிறார். ராணுவ அட்டையின் படமும் திருட்டுப் படம்தான். ராணுவத்தின் மேல் நமக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையை அவர் பயன்படுத்துகிறார்.

படித்தவர்களும் இதில் ஏமாறுகிறார்கள். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் டில்லியில் ஒரு பெண் பழைய சோபாவை இணையத்தில் விற்க முயன்றார். வாங்குவதாகச் சொன்ன ஆள் முதலில் சிறு தொகை அனுப்பினார். பிறகு கியூ.ஆர். கோடு அனுப்பினார். அந்தப் பெண் அதை ஸ்கேன் செய்தார். முதலில் 20,000 ரூபாய் போனது. "தவறு நடந்துவிட்டது. மறுபடியும் செய்யுங்கள்" என்றார் அந்த ஆள். மறுபடியும் 14,000 ரூபாய் போனது. மொத்தம் 34,000 ரூபாய் போனது.

யுபிஐயில் 'பணம் கேட்கும் விண்ணப்பம்' அனுப்பியும் முன்பு ஏமாற்றினார்கள். தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு அப்படி விண்ணப்பம் அனுப்புவது 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. ஆனால் கியூ.ஆர். கோடு காட்டி ஏமாற்றுவது நிற்கவில்லை.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். இந்த ஆள் ஏன் பேரம் பேசவில்லை? மிஷினை அவர் வாங்கப் போவதில்லை. 4,500 என்றாலும் 45,000 என்றாலும் அவருக்கு ஒன்றுதான். உண்மையாகப் பணம் கொடுக்கப் போகிறவருக்குத்தான் பேரம் பேசும் கவலை இருக்கும்.

ஐந்து நாள் பேரம் பேசியவர்கள் அக்காவைச் சலிக்க வைத்தார்கள். அந்தச் சலிப்பில்தான் ஆறாம் நாள் வந்தவர் நல்லவராகத் தெரிந்தார். பேரம் பேசுபவர் நமக்குத் தொல்லை தரலாம். பொருளைப் பார்க்காமல், பேரமும் பேசாமல், உடனே பணம் அனுப்புகிறேன் என்பவரிடம்தான் அதிக எச்சரிக்கை வேண்டும்.

மூன்று விலை

மறுநாள் அக்காவும் மகளும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். முதலில் விசாரித்தார்கள்.

பங்கார்காரர் எடை போட்டு எடுப்பார். அவர் 700 ரூபாய் தருவேன் என்றார்.

பழைய தையல் மிஷின் வாங்கும் கடைக்காரர் 2,500 ரூபாய் தருவேன் என்றார். ஆனால் கடைக்குக் கொண்டுபோக டெம்போவுக்கு 300 ரூபாய் ஆகும். கையில் நிற்பது 2,200 ரூபாய்.

ஆக, யாருமே வராவிட்டாலும் அக்காவுக்கு 2,200 ரூபாய் உறுதி. அதற்குக் கீழே யார் கேட்டாலும் பேச வேண்டியதே இல்லை. அதற்கு மேல்தான் பேரம்.

அக்கா மூன்று விலைகளை ஒரு தாளில் எழுதினார்.

சொல்லும் விலை: 4,000 ரூபாய்.
எதிர்பார்க்கும் விலை: 3,500 ரூபாய்.
கடைசி விலை: 3,000 ரூபாய்.

சொல்லும் விலையை விளம்பரத்தில் போடுகிறோம். மற்ற இரண்டும் நமக்கு மட்டும்தான் தெரிய வேண்டும். கடைசி விலையை ஆசையில் போடக் கூடாது. கோபத்திலும் போடக் கூடாது. வேறு இடத்தில் என்ன கிடைக்கும் என்று விசாரித்துப் போட வேண்டும். அதை முன்பே எழுதி வைத்துவிட்டால் பேச்சில் தடுமாற்றம் வராது.

விளம்பரத்தையும் அக்கா மாற்றி எழுதினார்.

"தையல் மிஷின் விற்பனைக்கு. மோட்டார் உண்டு. ஐந்து ஆண்டு பழையது. நன்றாக ஓடுகிறது. பெல்ட் மாற்ற வேண்டும். விலை 4,000 ரூபாய். நேரில் தைத்துப் பார்த்து வாங்கலாம். பணம் கையில், அல்லது நேரில் வந்து யுபிஐயில். இடம்: குர்லா மேற்கு."

குறையை மறைக்காமல் எழுதியதைக் கவனியுங்கள். வந்த பிறகு குறையைக் கண்டுபிடித்தால், வாங்குபவர் விலையை அதிகம் குறைப்பார். முன்பே சொல்லிவிட்டால் நம் சொல்லை நம்புவார்.

நேரில் வந்த பேரம்

எட்டாம் நாள் மாலை மான்குர்திலிருந்து ஒரு பெண் வந்தார். தம்பியையும் கூட்டி வந்தார். ஹார்பர் ரயிலில் வந்ததாகச் சொன்னார். அக்கா பக்கத்து வீட்டு அம்மாவையும் உடன் இருக்கச் சொன்னார்.

அந்தப் பெண் ஒரு துணியை வைத்துத் தைத்துப் பார்த்தார். பாபின் கேசைக் கழற்றிப் பார்த்தார்.

"பெல்ட் தேய்ந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள் அக்கா. சரிதான். ஆனால் பாபின் கேசும் தேய்ந்திருக்கிறது. 3,000க்குத் தருகிறீர்களா?" என்று கேட்டார்.

"நீயே ஓட்டிப் பார்த்தாய் அம்மா. மோட்டார் எப்படி இருக்கிறது? தையல் விட்டுப் போனதா? 3,700 கொடு" என்றார் அக்கா.

"3,300 தருகிறேன் அக்கா. பெல்ட்டும் கேசும் நான்தானே வாங்க வேண்டும்? டெம்போ செலவும் இருக்கிறது."

"சரி. 3,400 கொடு. என்னிடம் இருக்கும் இரண்டு ஊசிப் பெட்டியும் எடுத்துக்கொள்."

பேரம் முடிந்தது. இருவரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா டீ போட்டார். அந்தப் பெண் ரொக்கமாகப் பணம் கொடுத்தார். அக்கா எண்ணிப் பார்த்து வாங்கினார். மறுநாளே கல்லூரியில் கட்டணம் கட்டினார்.

இதுவும் பேரம்தான். "லாஸ்ட் கித்னா?" என்பதும் பேரம்தான். என்ன வேறுபாடு? இந்தப் பெண் பொருளைப் பார்த்தார். காரணம் சொல்லி விலையைக் குறைத்தார். அக்காவும் காரணம் சொல்லி விலையைக் காத்தார். இப்படிப் பேசும்போது இருவருக்குமே நட்டம் இல்லை.

நினைவில் வையுங்கள்

1. விளம்பரம் போடும் முன் இரண்டு இடத்தில் விலை விசாரியுங்கள்.
2. கடைசி விலையைத் தாளில் எழுதி வையுங்கள்.
3. பொருளைப் பார்க்காதவரிடம் விலையைக் குறைக்காதீர்கள்.
4. முழு வீட்டு முகவரியை விளம்பரத்தில் போடாதீர்கள். ஆள் வரும்போது சொன்னால் போதும்.
5. ஆள் வரும்போது தனியாக இருக்காதீர்கள். சிறு பொருள் என்றால் ரயில் நிலையம் போன்ற பொது இடத்தில் கொடுக்கலாம்.
6. பணம் பெறுவதற்குப் பின் நம்பர் போடாதீர்கள். ஓ.டி.பி. எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.
7. "பணம் அனுப்பிவிட்டேன்" என்று படம் காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் வந்ததா என்று பாருங்கள். பிறகு பொருளைக் கொடுங்கள்.
8. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுச் சும்மா இருக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது அரசு எண். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

சொற்களை அறிவோம்

செலுத்து – பணம் கொடு
பெறு – வாங்கிக்கொள்
ரொக்கம் – கைப்பணம்
மோசடி – ஏமாற்று வேலை
பின் நம்பர் – பணம் அனுப்பும்போது நாம் போடும் ரகசிய எண்
பங்கார் – பழைய இரும்பு, உடைந்த சாமான்

கணக்குப் போடுவோம்

1. அக்கா மிஷினை வாங்கிய விலை 8,000 ரூபாய். விற்ற விலை 3,400 ரூபாய். வித்தியாசம் எவ்வளவு?
2. கடைக்காரரிடம் கொடுத்திருந்தால் கையில் 2,200 ரூபாய் நிற்கும். நேரில் விற்றதில் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தது?
3. கட்டணத்தில் 3,000 ரூபாய் குறைந்தது. 3,400 ரூபாயில் கட்டணம் போக மீதி எவ்வளவு?

எழுதிப் பழகுவோம்

பொருளை விற்றதும் ஒரு சீட்டு எழுதுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வராது. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

விற்பனைச் சீட்டு
தேதி: ..........
பொருள்: ..........
விலை: .......... ரூபாய்
பொருளைப் பார்த்து வாங்கிக்கொண்டேன். முழுப் பணமும் கொடுத்துவிட்டேன்.
வாங்குபவர் பெயர், கையெழுத்து: ..........
பணம் பெற்றுக்கொண்டேன்.
விற்பவர் பெயர், கையெழுத்து: ..........

கலந்து பேசுவோம்

1. உங்கள் வீட்டில் விற்க வேண்டிய பழைய பொருள் எது? அதற்கு மூன்று விலை எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் வாங்குபவராக நடிக்கச் சொல்லிப் பேரம் பேசிப் பாருங்கள்.
2. அவசரத்தில் ஒரு பொருளை மிகக் குறைந்த விலைக்கு விற்றது உண்டா? அப்போது என்ன செய்திருக்கலாம்?
3. நாமும் சில நேரம் வாங்குபவராக இருக்கிறோம். காய் விற்கும் பாட்டியிடம் பேரம் பேசுகிறோம். பெரிய கடையில் பேசுவதில்லை. ஏன்?
4. உங்கள் போனைத் திறங்கள். அதில் 'செலுத்து', 'பெறு' என்ற சொற்கள் எங்கே இருக்கின்றன? கண்டுபிடித்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுங்கள்.